தளர்ந்த தந்தியின் கனம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

மின்கிதார் அதிரும் ‘மெட்டல்’ வகை ராக் இசையை வாசித்த இங்கிலாந்துக் குழுவான பிளாக் சபாத்தின் ‘மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி’ இசைத்தட்டை ஒரு மாதமாகத் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இதைவிட வேகமாகவும் உரக்கவும் வாசிக்கும் எத்தனையோ மெட்டல் குழுக்களைக் கேட்டவன் நான். ஆனால் 1971-இல் வெளிவந்த இந்த இசைத்தட்டின் கனம் வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் இருப்பவர்களோ வெறும் இரைச்சல் என்கிறார்கள். அந்தக் கனம் எங்கிருந்து வருகிறது?

எஸ்.

அன்புள்ள எஸ்,

அது ஒரு காயத்திலிருந்து வருகிறது என்றே நான் நம்புகிறேன். குழுவின் கிதார் கலைஞர் டோனி ஐயோமி 17 வயதில் பர்மிங்காமில் உலோகத் தகடு செய்யும் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தார். வேலையை விடவிருந்த கடைசி நாளில் இயந்திரத்தில் சிக்கி, வலக்கையின் நடுவிரலும் மோதிரவிரலும் நுனியை இழந்தன. இடக்கைப் பழக்கமுள்ளவர் என்பதால் கிதாரின் தந்திகளை அழுத்திப் பிடிக்கவேண்டிய கை அதுதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரல்நுனிக்கு உறை செய்து, அதன்மேல் பதனிட்ட தோலை ஒட்டி மாட்டிக்கொண்டு, வழக்கத்தைவிட மெல்லிய தந்திகளைக் கட்டி, அவர் மறுபடியும் வாசிக்கத் தொடங்கினார்.

குழுவின் மூன்றாவது இசைத்தட்டான இதில், சில பாடல்களுக்குக் கிதாரின் சுருதியை மூன்று அரைச்சுரம் இறக்கினார். தந்தி தளர்ந்தால் விரலின் நோவு குறையும், நாதமும் பருக்கும். கீசர் பட்லரும் தம் பேஸ் கிதாரைக் கூடவே இறக்கிக்கொண்டார்.

தளர்ந்த தந்தி என்ன செய்கிறது என்பதை ‘இன்டு த வாய்ட்’ பாடலின் தொடக்கத்தில் நல்ல ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஓங்கி மீட்டும்போது சுரம் இம்மியளவு மேலேறி, பிறகுதான் தன் இடத்துக்கு இறங்கி அமர்கிறது. கனமான மூட்டையைத் தரையில் இறக்கிவைக்கும்போது அது ஒருமுறை அசைந்து நிலைகொள்வதைப் போன்றது அந்த அசைவு. அதற்கு நேரம் வேண்டும். பின்னாளில் வந்த வேகமான குழுக்கள் பலவற்றில் அந்த நேரம் இல்லை; ஒரு சுரம் அமர்வதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. நீங்கள் தேடிக் கிடைக்காதது இதுதான் என்று நினைக்கிறேன். போரும் மாசும் நிறைந்த பூமியைவிட்டு ராக்கெட்டில் வெளியேறுபவர்களைப் பற்றிய அந்தப் பாடலுக்கு இந்தத் தயங்கிய, இழுபட்ட நடை மிகவும் பொருந்துகிறது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதற்கு நேர்முன்னால் வரும் ‘சாலிட்யூட்’ பாடலைத் தாண்டிச் செல்பவர்கள் பலர். தயவுசெய்து தாண்டாதீர்கள். அதில் ஐயோமி புல்லாங்குழலும் வாசிக்கிறார். ஆஸி ஆஸ்பர்னின் குரல் அடையாளம் தெரியாத அளவுக்குத் தணிந்து ஒலிக்கிறது. அந்த மென்மையில் காது பழகியிருக்கும்போது அடுத்த பாடலின் முதல் மீட்டல் விழுவதால்தான் அது அவ்வளவு கனக்கிறது. இந்த 34 நிமிட இசைத்தட்டில் பாடல்களின் வரிசையும் இசையின் பகுதியே என்பது என் கருத்து.

வீட்டில் இருப்பவர்களுக்கும் முதலில் ‘சாலிட்யூட்’ பாடலைப் போட்டுக் காட்டுங்கள். அது முடிந்ததும் நிறுத்தாமல் அடுத்ததையும் ஓடவிடுங்கள்.