முதியோர் குடியிருப்பு வளாகத்துக்குள் பேட்டரி கார் ஓட்ட லைசென்ஸ் வேண்டுமா? வயது வரம்பு ஏதும் உண்டா?

கேட்டுக்குள்ளேயே ஓடுகிற வண்டி என்றால் லைசென்ஸ் கட்டாயமில்லை. கேட்டைத் தாண்டினால் எல்லாமே வேண்டும். வயது விஷயத்தில் சட்டம் கீழ்ப்பக்கம்தான் பார்க்கிறது, மேல்பக்கம் பார்ப்பதே இல்லை. இந்தக் கடைசி வரியைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், மீதியெல்லாம் அதற்கான விளக்கம்.

கேள்வி கேட்டவர் அப்பா அம்மாவைச் சென்னை ஓஎம்ஆர் ரோட்டுப் பக்கம் ஏதோ ஒரு வளாகத்தில் சேர்த்துவிட்டு வெளியூரில் இருப்பவர் என்று நினைக்கிறேன். "உங்க அப்பா இனிமே வண்டி எடுக்கக் கூடாதுன்னு கமிட்டியில சொல்லிட்டாங்க" என்று ஃபோன் வந்திருக்கும். இல்லையென்றால் யாரும் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள்.

நான் ஓய்வு பெற்றது ஒரு பொதுத்துறை காப்பீட்டு நிறுவனத்தில், மோட்டார் க்ளெய்ம் பிரிவில். அதனால் இந்தச் சட்டம் எனக்குப் பழக்கம். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 2(28): தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைத்த வளாகத்துக்குள்ளோ மட்டும் ஓடுவதற்கென்று அமைத்த சிறப்பு வண்டி, 'மோட்டார் வாகனம்' என்ற கணக்கிலேயே வராது. லைசென்ஸ் கேட்கிற பிரிவு 3-ம் பொது இடத்தில் ஓட்டுவதைப் பற்றித்தான் பேசுகிறது. வக்கீல்கள் யாராவது வந்து, கூரியர் பையனும் தண்ணீர் கேன்காரரும் வந்துபோகிற உள்ரோடு பொது இடம்தானே என்பார்கள். கேட்கலாம். விபத்து வழக்குகளில் கோர்ட்டுகள் அந்தச் சொல்லைத் தாராளமாகவே எடுத்துக்கொண்டிருக்கின்றன. அதனால் லைசென்ஸ் இருந்தால் நல்லது என்றே சொல்வேன்.

இன்னொரு குழப்பம்: "பேட்டரி வண்டிதானே, அதுக்கு எதுவும் வேண்டாம்." அந்தச் சலுகை, மோட்டார் 250 வாட்டுக்குக் குறைவாகவும் வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள்ளும் இருக்கிற சின்ன ஸ்கூட்டருக்கு. ஆறு பேர் உட்காருகிற பேட்டரி காரின் மோட்டார் 3, 4 கிலோவாட் வரும். ஆகவே எதிர்ச்சாரியில் இருக்கிற மெடிக்கல் ஷாப்புக்கு அதில் போய்வருவது நேரடியாகச் சட்டமீறல். சுவருக்குள்ளே மட்டும் எது வேண்டுமானாலும் செய்யலாமா என்றால், அதுவும் இல்லை. கவனக்குறைவால் ஒருவருக்குக் காயம் உண்டானால் பாரதிய நியாய சன்ஹிதா, அதாவது பழைய இ.பி.கோ.வுக்குப் பதிலாக வந்த குற்றச் சட்டம், அதில் பிரிவு 125 இருக்கிறது. அது கேட்டுக்கு வெளியேயா உள்ளேயா என்று பார்க்காது.

இனி என் கதை. மார்கழி வந்தால் சபாக்களுக்குக் கச்சேரி, எங்கள் வளாகத்துக்கு அமெரிக்கப் பேரப்பிள்ளைகள். திருப்போரூர் பக்கம், தனித்தனி வீடுகள், சாப்பாட்டுக் கூடம் ஒரு கோடியில். முட்டிவலிக்காரர்களுக்காக இரண்டு பேட்டரி கார் வாங்கியிருந்தார்கள். சாவி எப்போதும் வண்டியிலேயே தொங்கும். ஒரு சாயங்காலம் பதினாலு வயதுப் பையன் ஒருவன் ஓட்ட, என் பக்கத்து வீட்டு அக்கா, எண்பது தாண்டியவர், பின்னால் பார்த்து உட்காருகிற சீட்டில் ஏறினார். வழவழ ரெக்ஸின் சீட், கஞ்சி போட்ட சுங்குடிப் புடவை, பெல்ட் கிடையாது, பக்கவாட்டில் அடைப்பும் கிடையாது. கிளப் ஹவுஸ் முனையில் பையன் வேகம் குறைக்காமல் இடப்பக்கம் ஒடித்தான். அக்கா வலப்பக்கம் வழுக்கிக் கீழே விழுந்தார். மணிக்கட்டு எலும்பு முறிந்தது. பையன் கெட்டவன் இல்லை, பாவம், அழுதுவிட்டான்.

அடுத்த வாரம் நோட்டீஸ் போர்டில் ஒரு தாள்: 75 வயதுக்கு மேற்பட்டவர்கள் பேட்டரி கார் ஓட்ட அனுமதி இல்லை.

படித்துப் பாருங்கள். ஓட்டினது பதினாலு வயது, தடை எழுபத்தைந்துக்கு! எனக்கு 76. தினமும் காலையில் நாலு பேரைக் கோயிலுக்கும் பிசியோதெரபிக்கும் கொண்டுபோய் விடுவது நான்தான், ஒருவரும் ஒரு கீறல் வாங்கியதில்லை.

பொதுக்குழுவில் எழுந்து கேட்டேன். செயலாளர் என்னைவிடப் பதிமூன்று வயது சின்னவர். "மேடம், உங்க நல்லதுக்குத்தானே சொல்றோம்" என்றார். எனக்கு இந்த 'உங்க நல்லதுக்கு' கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். "தம்பி, என்கிட்ட லைசென்ஸ் இருக்கு, ஆர்டிஓ புதுப்பிச்சுக் குடுத்தது. அம்பத்தஞ்சு தாண்டினவங்களுக்கு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை புதுப்பிக்கணும். நாப்பது தாண்டினாலே டாக்டர்கிட்ட படிவம் 1ஏ-ல கையெழுத்து வாங்கணும். உச்ச வயசுன்னு ஒண்ணு சட்டத்துல எங்கே இருக்கு, காட்டுங்க" என்றேன். காட்டவில்லை. "இது வளாகத்தோட விதி" என்றார். அப்படியானால் அந்த விதியை டாக்டர் சர்டிஃபிகேட் என்று எழுதுங்கள், பிறந்த வருஷம் என்று எழுதாதீர்கள் என்பதுதான் என் வாதம்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், "அமெரிக்காவுல சின்னப் பசங்களே ஓட்டறாங்களே" என்று பையனுக்கு வக்காலத்து. என் மகள் டாம்பாவில் இருக்கிறாள். ஃப்ளோரிடாவில் 'தி வில்லேஜஸ்' என்று ஒரு பெரிய ஓய்வூர் இருக்கிறது, கூட்டிப்போய்க் காட்டினாள். கடைக்கு, டாக்டருக்கு, சீட்டாட்டத்துக்கு, எல்லாவற்றுக்கும் நம் பேட்டரி கார் மாதிரியான கோல்ஃப் கார்ட்தான். அதற்கென்று தனிப் பாதை, பெரிய ரோட்டைக் கடக்கச் சுரங்கப்பாதையும் பாலமும். அங்கேயே முன்பு 14 வயது இருந்தால் போதும் என்று இருந்ததை 2023 அக்டோபரிலிருந்து மாற்றிவிட்டார்கள். 18-க்குக் கீழே என்றால் லேர்னரோ லைசென்ஸோ கையில் இருக்க வேண்டும். 18-க்கு மேலே அரசு அடையாள அட்டை போதும், தாத்தாவுக்கு எத்தனை வயது என்று யாரும் கேட்பதில்லை. இதைச் சொன்னதும் பின்வரிசை அமைதியாகிவிட்டது.

இதே கமிட்டிதான் போன வருஷம் டிகாஷன் காபியை நிறுத்திவிட்டு மிஷின் வைத்தது. பித்தளை ஃபில்டரில் ராத்திரியே இறக்கி வைக்கிற டிகாஷனை எடுத்துவிட்டு, பட்டனை அழுத்தினால் நுரை கக்குகிற ஒரு திரவம். மாதச் சந்தா மட்டும் ஏறியது. கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் யாரிடமும் கேட்காமல் தீர்மானம் போடுகிற வழக்கம் எங்கே ஆரம்பித்தது என்று தெரிய வேண்டாமா?

"பாட்டிக்கு எதுக்கு இந்த வீம்பு" என்று கமெண்ட் போட வருகிறவர்களுக்கு: எல்லா வயதானவர்களும் ஓட்டட்டும் என்று நான் சொல்லவில்லை. எங்களில் ஒருவருக்கு 68-தான், கிளாக்கோமாவில் பக்கவாட்டுப் பார்வை குறைந்துவிட்டது. அவரே நிறுத்திக்கொண்டார். பிறந்த தேதியைப் பார்த்திருந்தால் அவர் ஓட்டலாம், நான் கூடாது. யோசியுங்கள்.

கடைசியில் நோட்டீஸ் இறங்கியது. இப்போது சாவி செக்யூரிட்டி அறையில் இருக்கிறது, பெயர்ப் பட்டியலில் உள்ளவர்கள் கையெழுத்துப் போட்டு எடுக்கலாம். பட்டியலில் சேர லைசென்ஸும் அந்த வருஷத்துக் கண் பரிசோதனையும் வேண்டும். 18 வயதுக்குக் கீழே யாரும் ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது, தாத்தா மடியில் உட்கார்ந்தும் கூடாது. கம்பெனி ஆளை வரவழைத்து, கன்ட்ரோலரிலேயே வேகத்தை மணிக்கு 10 கி.மீ.க்குக் கட்டிவிட்டோம். பின்சீட்டுக்குக் குறுக்கே கம்பியும் பெல்ட்டும் வந்தது. இறங்கும்போது பிரேக் பெடலின் மேல்பகுதியை அழுத்திப் பூட்ட வேண்டும். முதலில் பாதிப் பேர் அதைச் செய்யவில்லை, சரிவில் வண்டி தானாக நகர்ந்தது.

எங்களுக்கு ரொம்ப நாள் தலைவலியாக இருந்தது சத்தம்தான், அதாவது சத்தமே இல்லாதது. காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு வாக்கிங் போகிறவர்களுக்குப் பின்னால் வண்டி வந்து நிற்பதே தெரியாது. ஹாரன் அடித்தால் திடுக்கிட்டு விழுந்துவிடுவார்கள். ஒரு பழைய சைக்கிள் மணியைக் கட்டினோம். கிணிங் என்றால் எல்லோருக்கும் பழகின சத்தம், நின்று ஒதுங்குகிறார்கள்.

சார்ஜ் போடுகிற இடம் காற்றோட்டமாக இருக்கட்டும். லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயுவை விடும், அதைப் பூட்டிய ஷெட்டுக்குள் செய்யக் கூடாது. டிஸ்டில்டு வாட்டரை ஃபுல் சார்ஜ் ஆன பிறகு ஊற்ற வேண்டும். ஐப்பசி மழையில் உள்ரோட்டில் தண்ணீர் தேங்கினால் வண்டியை எடுக்கவே வேண்டாம்.

இன்ஷூரன்ஸை மறந்துவிடாதீர்கள். பொது இடத்தில் ஓடாத வண்டிக்குத் தேர்ட் பார்ட்டி பாலிசி கட்டாயமில்லை என்பதால் பல சங்கங்கள் எதுவுமே எடுப்பதில்லை. விழுந்தவருக்கு ஆஸ்பத்திரிச் செலவு யார் தருவது என்ற பேச்சு அப்புறம்தான் ஆரம்பிக்கும். சங்கத்தின் பெயரில் பொறுப்புக் காப்பீடு (அடிபட்டவருக்குச் சங்கம் தர வேண்டிய இழப்பீட்டுக்கான பாலிசி) எடுங்கள், சம்பள டிரைவர் மட்டுமல்லாமல் குடியிருப்பவர்கள் ஓட்டுவதும் அதில் அடங்கும் என்று எழுத்தில் வாங்குங்கள். ஏஜென்ட் வாயால் சொல்வதை நம்பாதீர்கள். "ஏஜென்ட் அப்பவே சொன்னாரே மேடம்" என்று என் மேஜைக்கு எதிரில் நின்றவர்கள் யாருக்கும் அந்த வார்த்தையை வைத்து என்னால் ஒரு ரூபாய் கொடுக்க முடிந்ததில்லை.