ஒரே கட்டளையில் குறிப்புகளை ஒத்திசைக்கலாமா?

கேள்வி: என் குறிப்புகளை எல்லாம் சாதாரண டெக்ஸ்ட் கோப்புகளாக வைத்திருக்கிறேன். இரண்டு கணினியில் மாறி மாறி எழுதுவேன். கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) வழியாக, கமிட் (மாற்றத்தைப் பதிவது), புல் (சர்வரிலிருந்து இழுப்பது), புஷ் (சர்வருக்கு அனுப்புவது) மூன்றையும் ஒரே கட்டளையில் செய்துவிடும் சின்ன டெர்மினல் கருவி ஒன்று கிடைத்தது. நம்பி இறங்கலாமா?

பதில்: முதலில் அதற்கு ஒரு சண்டை மூட்டிவிட்டுப் பாருங்கள். போனால் போகட்டும் என்கிற நாலைந்து கோப்புகள் போதும். இரண்டு கணினியிலும் ஒரே வரியை வேறு வேறு மாதிரி திருத்திவிட்டு, அடுத்தடுத்துக் கருவியை ஓட்டுங்கள். மோதல் என்று சொல்லி நின்றால் நல்ல கருவி. நான் முன்பு வைத்திருந்தது நிற்கவில்லை. ஃபோர்ஸ் புஷ் செய்து, அதாவது சர்வரில் இருந்ததை மேலெழுதிவிட்டு, ‘முடிந்தது’ என்றது. மற்ற கணினியில் ஓட்டியபோது, சர்வரில் இருப்பதே சரி என்று அங்கேயும் துடைத்துவிட்டது. மூன்று நாள் எழுத்து! ரெஃப்லாக்கை, அதாவது அந்தந்தக் கணினியில் கிட் வைத்திருக்கும் நடமாட்டப் பதிவேட்டைத் தோண்டித்தான் மீட்டேன். இப்படிக் கைவிடப்பட்ட கமிட்டுகளின் தடத்தை கிட் வழக்கமாக 30 நாள்தான் அதில் வைத்திருக்கும். ஆகவே கருவியின் நிரலைத் திறந்து ‘ஃபோர்ஸ்’, கணினியில் இருப்பதைத் துடைக்கும் ‘ரீசெட் ஹார்ட்’ இரண்டையும் தேடிவிடுங்கள்.

கருவி நல்லதாக இருந்தாலும் மோதல் வரும். கிட் வரி வரியாகத்தான் ஒப்பிடும். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் அதை எழுதியது லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலின் நிரலுக்காக; நிரல் குட்டை வரிகளாக இருக்கும். நம் பத்தியோ நடுவில் என்டர் தட்டாத ஒரே நீள வரி. இங்கே தொடக்கத்தில் ஒரு கால்புள்ளி, அங்கே கடைசியில் ஒரு சொல், அதற்கே முட்டிக்கொள்ளும். வாக்கியத்துக்கு ஒரு வரி என்று எழுதத் தொடங்கிய பிறகு எனக்கு இந்தத் தொல்லை வெகுவாகக் குறைந்தது.

அப்புறம், தமிழில் பெயர் வைத்த கோப்பு ஒன்றையும் சோதனையில் சேருங்கள். ‘கடன்’ என்ற கோப்பை, எந்தெந்தக் கோப்பு மாறியது என்று சொல்லும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளை \340\256\225 என்று தொடங்கிக் காட்டும். கோப்பு கெடவில்லை, ‘க’வின் மூன்று பைட்டுகள்தான் அவை. பெயரை இப்படி எண்களாக்கும் குவோட்பாத் அமைப்பை கிட்டில் அணைத்தால் தமிழிலேயே தெரியும். ஆனால் அந்த வரியைப் படித்து வேலை செய்யும் அரைகுறை ஸ்கிரிப்ட், தமிழ்க் கோப்பைச் சத்தமில்லாமல் விட்டுவிடக்கூடும்.

கடவுச்சொல் எழுதிய கோப்பு மட்டும் அந்த ஃபோல்டரில் வேண்டாம். நீங்கள் அழித்தாலும் பழைய கமிட்டில் அப்படியே கிடக்கும்.

இதையெல்லாம் தாண்டிவிட்டால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்காவது அந்த ஃபோல்டரின் நகல் ஒன்று தனியாக இருக்கட்டும்.