தபாய்மோவின் சமையலறைக்குள் கொஞ்சம் உட்காருவோம்: கேள்வி பதில்

ஜப்பானிய அன்றாட வாழ்க்கையைக் கையால் வரைந்து, அந்தப் படங்களுக்கு அசைவு கொடுத்து அறைச் சுவர்களில் ஓடவிடும் கலைஞர் தபாய்மோவைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்திருக்கின்றன. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கைபேசியில் கிடைக்கும் அரை நிமிடத் துண்டை வைத்து இவரை எடைபோடாதீர்கள். இவருடைய படைப்புகள் உள்ளே போய் உட்கார்ந்து பார்க்க வேண்டியவை.

கேள்வி: யார் இவர்? பெயரே புதிதாக இருக்கிறதே?

1975-ல் ஹியோகோ மாகாணத்தில் பிறந்தவர். இயற்பெயர் அயாகோ தபாத்தா. தபாத்தா என்ற குடும்பப் பெயரையும் 'இமோத்தோ' (தங்கை) என்ற சொல்லையும் சுருக்கி ஒட்டியதுதான் தபாய்மோ. 'தபாத்தா வீட்டுத் தங்கச்சி' என்று வைத்துக்கொள்ளுங்கள். கியோட்டோவில் கலை படித்தார். 1999-ல் படிப்பை முடிக்கும்போது செய்த படைப்பிலேயே கவனம் பெற்றுவிட்டார்.

கேள்வி: அந்த முதல் படைப்பு 'ஜப்பானியச் சமையலறை' தானே? ஒரு பெண் மனிதனை நறுக்குவதாகப் படித்தேன். எதற்கு இவ்வளவு கொடூரம்?

நல்ல கேள்வி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். ததாமி பாய் போட்ட சின்ன அறை மாதிரி ஓர் அமைப்பு. அதற்குள் போய் அமர்ந்தால் எதிரிலும் பக்கங்களிலும் வரைந்த சமையலறை ஓடுகிறது. இல்லத்தரசி காய் நறுக்குகிறாள். குளிர்பதனப் பெட்டியைத் திறக்கிறாள். உள்ளே மேசை போட்டு உட்கார்ந்து வேலை பார்க்கிறான் விரலளவு அலுவலக ஊழியன் ஒருவன். அவனை எடுத்துப் பலகையில் வைத்துக் கழுத்தை வெட்டுகிறாள். முகத்தில் ஒரு சலனமும் இல்லை, கத்தரிக்காய் நறுக்குகிற அதே கை. சன்னலுக்கு வெளியே பள்ளி மாணவர்கள் மழை மாதிரி விழுகிறார்கள்.

இதில் மொழி தெரியாவிட்டால் தவறிப்போகும் விஷயம் ஒன்று உண்டு. ஜப்பானிய மொழியில் 'குபி' என்றால் கழுத்து. ஒருவரை வேலையை விட்டுத் தூக்குவதற்கும் அதே சொல்தான். 'சீட்டைக் கிழித்துவிட்டார்கள்' என்று நாம் சொல்லும் இடத்தில் அவர்களுக்குக் கழுத்து. 1997 நவம்பரில் யமாய்ச்சி என்ற பெரிய பங்குத் தரகு நிறுவனமே கவிழ்ந்தது, ஆயுசுக்கும் ஒரே வேலை என்று நம்பியிருந்தவர்கள் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். ஒவ்வொரு வீட்டிலும் சாப்பாட்டு நேரத்தில் செய்தியாகக் கேட்ட சொல்லை அவர் அப்படியே பலகையில் வைத்து வரைந்துவிட்டார். எனக்கு இதில் கொடூரத்தைவிட அந்தப் பெண்ணின் நிதானம்தான் அதிகம் உறுத்துகிறது.

கேள்வி: பூசணிக்காய் செய்கிற அம்மாதானே இவர்?

இல்லை. புள்ளி போட்ட பூசணிக்காய்ச் சிற்பங்கள் செய்பவர் யாயோய் குசாமா, 1929-ல் மாட்சுமோட்டோவில் பிறந்தவர், ஒரு தலைமுறைக்கும் மேல் மூத்தவர்.

கேள்வி: தெத்சுயா இஷிதாவின் ஓவியங்களோடு இவரை ஒப்பிடலாமா?

தாராளமாக. இஷிதா 1973-ல் யாய்சு துறைமுக ஊரில் பிறந்தவர், ஏறக்குறைய ஒரே வயது. 1996-ல் வரைந்த ஒரு ஓவியத்தில் சாப்பாட்டுக்கடை மேசையில் வரிசையாக ஊழியர்கள் உட்கார்ந்திருக்க, கடைக்காரர்கள் பெட்ரோல் போடுவது போல அவர்கள் வாயில் குழாயைச் செருகியிருப்பார்கள். இருவருக்கும் அதே அலுவலக ஊழியன்தான் கரு. இஷிதா அவனுக்குள்ளே இருந்து வரைகிறார், முகம்கூட அவர் முகம் போலவே இருக்கும். தபாய்மோ அடுப்பங்கரையில் நின்று அவனைப் பார்க்கிறார். இஷிதா 31 வயதில் 2005-ல் ரயில்வே கேட்டில் இறந்தார். அதை மட்டும் வைத்து அவருடைய எல்லா ஓவியங்களையும் வாசிக்காதீர்கள், பெரிய அநியாயம் அது.

கேள்வி (ஓவிய ஆசிரியர் ஒருவர்): திரையில் ஓடுவதை ஓவியம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? சாயம் இல்லை, கை இல்லை. மின்சாரம் போனால் வெறும் சுவர்.

கை இருக்கிறது ஐயா. கோடுகள் எல்லாம் அவர் கையால் வரைந்தவை. அவற்றைக் கணினியில் ஏற்றி, ஹொகுசாய் என்ற பழைய ஜப்பானிய ஓவியர் காலத்து உகியோ-எ மர அச்சுப் படங்களில் இருந்த நிறங்களை எடுத்துப் பூசுகிறார். அந்த மங்கிய நீலமும் செங்கல் நிறமும் அங்கிருந்து வந்தவை. அந்த அச்சுப் படங்களையே எடுத்துக்கொள்ளுங்கள்: ஒருவர் வரைவார், இன்னொருவர் மரத்தில் செதுக்குவார், மூன்றாமவர் அச்சிடுவார். நாம் ஹொகுசாய் என்று கொண்டாடும் தாளில் ஹொகுசாயின் கை பட்டதே இல்லை.

கேள்வி: குசாமாவின் புள்ளி அறை வீடு மாதிரி இருக்குமாமே, அதுவும் ஜப்பானிய வீடா?

2002-ல் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியக் குழந்தைகளுக்காகத் தொடங்கியது அது. முழுக்க வெள்ளை அடித்த வீட்டில் வருபவர்கள் வண்ணப் புள்ளிகளை ஒட்டுவார்கள். ஜப்பானிய வீடு இல்லை. சரி, தபாய்மோவுக்கு வருவோம்.

கேள்வி (அதே ஆசிரியர்): அச்சு என்றாலும் சாயம் தாளுக்குள் ஊறியிருக்கிறது. ஒளி எதிலும் ஊறாது. இதற்கு என்ன சொல்கிறீர்கள்?

இதை ஒப்புக்கொள்கிறேன். அச்சுத் தாளைத் திருப்பிப் பார்த்தால் பின்பக்கம் அழுத்திய தடம்கூடத் தெரியும், ஒளியில் அந்த இன்பம் கிடையாது. ஆனால் ஓவியம் என்றால் சட்டம் போட்டு ஆணியில் மாட்டுவது என்ற எண்ணத்திலிருந்து நீங்கள் பேசுகிறீர்கள் என்று நினைக்கிறேன். கியோட்டோவின் நிஜோ கோட்டைக்குப் போங்கள். 17-ம் நூற்றாண்டில் கானோ என்ற ஓவியர் மரபினர் வரைந்த பைன் மரம் ஒரு சறுக்குக் கதவில் வேர்விட்டு, அடுத்த கதவையும் தாண்டிக் கிளை நீட்டும். கதவைத் தள்ளினால் மரமே நகரும். பாயில் உட்கார்ந்தவரைச் சுற்றி நாலு பக்கமும் ஓவியம். ஜப்பானில் ஓவியம் வெகுகாலம் வீட்டுக் கதவாகவும் மடிப்புத் திரையாகவும்தான் வாழ்ந்தது. தபாய்மோ பாய் விரித்து நம்மை உட்காரவைப்பது அந்த வழக்கத்தின் தொடர்ச்சி, அதனால்தான் உட்காருங்கள் உட்காருங்கள் என்று இத்தனை தடவை சொல்கிறேன்.

கேள்வி: வெனிஸில் என்ன செய்தார்?

2011-ல் வெனிஸ் பியன்னாலே என்ற பன்னாட்டுக் கலைக் கண்காட்சியில் ஜப்பான் அரங்கு முழுவதும் அவருடையது, பெயர் 'டெலிகோ-சூப்'. அந்தக் கட்டடத்தின் தரையில் ஏற்கனவே ஒரு துளை உண்டு. அதையே கிணறாக்கிவிட்டார். கிணற்றுத் தவளை நமக்கும் தெரிந்தவர்தானே. 'கிணற்றுத் தவளைக்குக் கடல் தெரியாது' என்று அங்கேயும் சொல்வார்கள், ஆனால் கூடவே ஒரு வால் சேர்த்திருக்கிறார்கள்: 'ஆனாலும் வானத்தின் உயரம் தெரியும்'. அந்த வாலிலிருந்துதான் படைப்பே பிறந்தது. கிணறு எது, வானம் எது என்று மாறி மாறித் தெரியும்படி படங்கள் ஓடின.

கேள்வி: எங்கே போய்ப் பார்க்கலாம்? (ஐந்து பேர் கேட்டிருக்கிறீர்கள்.)

நிரந்தரமாக ஓரிடத்தில் இருப்பவை அல்ல, கண்காட்சிக்குக் கண்காட்சி கட்டி எழுப்புவார்கள். அருங்காட்சியகங்களின் அறிவிப்பைப் பார்த்துவிட்டுப் பயணத்தை முடிவு செய்யுங்கள்.

கேள்வி: நவோஷிமா தீவில் இருந்த குசாமாவின் பூசணிக்காய் கடலில் போனது உண்மையா?

2021 ஆகஸ்டில் போனது, 2022 அக்டோபரில் மறுபடி வைத்தார்கள். குசாமா பற்றி இதோடு நிறுத்திக்கொள்வோம், தயவுசெய்து.

கேள்வி: 2000-ல் ஆண்கள் குளியலறை ஒன்றும் செய்தாராம். பொதுக் குளியலறை ஓவியத்துக்கு உரிய இடமா?

ஜப்பானில் ரொம்பவே. பொதுக் குளியலறைச் சுவரில் ஃபுஜி மலை வரைகிற பழக்கம் 1912-ல் டோக்கியோவின் காண்டா பகுதியில் ஒரு குளியலறையில் தொடங்கியது. வரைந்தவர் ஷிசுவோகாக்காரர், அதனால் சொந்த ஊர் மலையையே வரைந்தாராம். இன்று அந்த வேலை தெரிந்த ஓவியர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். குளியலறைக்கு விடுமுறை நாளில் சாரம் கட்டி, பழைய ஓவியத்தின் மேலேயே வானத்தை முதலில் பூசிவிட்டுக் கீழே இறங்குவார்கள், மாலைக்குள் முடிந்துவிடும். சிலவற்றை வரையவே மாட்டார்கள். மேப்பிள் இலை உதிரும், அதனால் ஆகாது. சூரியன் மறைவது ஆகாது. குரங்கும் ஆகாது, ஏனென்றால் 'சரு' என்றால் குரங்கு, விலகிப் போவதற்கும் அதே ஒலி, வாடிக்கையாளர் போய்விடுவார் என்று பயம்.