மலைக்கும் கடலோரத்துக்கும் ஆசிரியர் தேடுவது எப்படி? – கேள்வி பதில்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மலையோர, கடலோர அரசுப் பள்ளிகளுக்கு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து, பயிற்சியளித்து, இரண்டு ஆண்டுக் காலத் துணை ஆசிரியர்களாக அனுப்பும் திட்டம் ஒன்றை நடத்திவரும் முன்னாள் ஆசிரியை ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு இங்கே பதிலளிக்கிறார்.

கேள்வி (மார்த்தாண்டம்): எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடத்தில் இருக்கும் மாவட்டம் இது. தடுக்கி விழுந்தால் ஒரு கல்வியியல் கல்லூரி. இங்கே எதற்கு டீச்சர் இப்படி ஒரு திட்டம்?

பதில்: 2011 கணக்கெடுப்பின்படி மாநிலத்தின் எழுத்தறிவு 80 விழுக்காட்டை ஒட்டி இருந்தபோது நம் மாவட்டம் 91.75 விழுக்காட்டில் இருந்தது உண்மைதான். ஆனால் அந்தச் சராசரிக்குள் நாகர்கோவிலும் இருக்கிறது, பேச்சிப்பாறை நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து போகவேண்டிய தோட்டமலையும் இருக்கிறது. ஒன்றின் நிறைவு மற்றொன்றின் குறையை மறைத்துவிடுகிறது.

பட்டதாரிகள் ஏராளமாக இருந்தும் ஆள் கிடைக்காததற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம்மிடம் மலிந்து கிடப்பது பி.எட். பட்டம். அது ஆறாம் வகுப்பு முதல் கற்பிப்பதற்கானது. தொடக்க வகுப்புகளுக்குத் தொடக்கக் கல்விப் பட்டயம் பெற்ற இடைநிலை ஆசிரியர்தான் வேண்டும். பி.எட். படித்தவர்கள் தொடக்க வகுப்பு ஆசிரியர் பணிக்குத் தகுதியுடையவர்கள் அல்லர் என்று உச்ச நீதிமன்றமும் 2023 ஆகஸ்டில் தீர்ப்பளித்துவிட்டது. மலையில் உள்ள பள்ளிகளோ பெரும்பாலும் தொடக்கப் பள்ளிகள். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி அறுபது பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். அவர்களில் ஒருவர் பயிற்சிக்கோ தேர்தல் பணிக்கோ போய்விட்டால், ஐந்து வகுப்புகளையும் ஒரே அறையில் உட்காரவைத்து மற்றவர் சமாளிக்க வேண்டியதாகிறது. அந்த அறைக்குள் இன்னொரு ஆள் வேண்டும் என்பதே எங்கள் திட்டத்தின் தொடக்கம்.

கேள்வி (தக்கலை): தேர்வு எப்படி நடக்கிறது? மதிப்பெண்ணா, நேர்காணலா?

பதில்: இரண்டையும் பார்க்கிறோம், ஆனால் முடிவு செய்வது மாதிரி வகுப்புதான். நேர்காணலில் "எனக்குச் சேவை செய்ய ஆசை" என்று சொல்லாதவர் எவருமில்லை என்பதால், அந்த வாக்கியத்தை வைத்து யாரையும் எடைபோட முடிவதில்லை. எனவே விண்ணப்பித்தவரை ஓர் உண்மையான மூன்றாம் வகுப்பில், உண்மையான பிள்ளைகளுக்கு முன்னால் நிறுத்துகிறோம்.

ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் 35 என்று எழுதும் குழந்தை எல்லா வகுப்பிலும் இருக்கும். பத்துகளில் ஐந்திலிருந்து இரண்டைக் கழித்து மூன்று என்று சரியாகவே போட்டிருக்கிறது. ஒன்றுகளில் இரண்டிலிருந்து ஏழைக் கழிக்க முடியாததால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்து ஐந்து என்று வைத்துவிட்டது. விண்ணப்பதாரர் சிலர் உடனே சிவப்பு மையால் பெருக்கல் குறி போட்டு, கடன் வாங்கும் முறையைக் கரும்பலகையில் மறுபடியும் ஒப்பிப்பார்கள். வேறு சிலர் "இது எப்படி வந்தது மக்களே, சொல்லு பார்ப்போம்" என்று பக்கத்தில் உட்கார்ந்துவிடுவார்கள். குழந்தை விளக்கத் தொடங்கிய மறுகணமே கோளாறு எங்கே என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும். பத்துக் குச்சிக் கட்டு ஒன்றை அவிழ்த்துக் காட்டினால் வேலை முடிந்தது.

ஆனாலும் முதல் வகுப்பை மட்டும் வைத்து நாங்கள் தீர்மானிப்பதில்லை. பதினைந்து நிமிடம் கழித்து அவரை அழைத்து, ஒன்றே ஒன்றை மாற்றிக்கொள்ளச் சொல்லி, அதே பாடத்தை வேறொரு குழுவுக்கு நடத்தச் சொல்கிறோம். முதல் முறை சுமாராக நடத்தி, சொன்னதை வாங்கிக்கொண்டு இரண்டாம் முறை தேறியவரை, முதலிலேயே பிரமாதமாக நடத்திவிட்டு எதையும் மாற்றாதவருக்கு மேலாகவே நான் வைப்பேன். பயிற்சி என்ற ஒன்றை வைத்துக்கொண்டு, பயிற்சியை ஏற்காதவரை எதற்குத் தேர்ந்தெடுக்க வேண்டும்?

கேள்வி (கருங்கல்): நான் ஆசிரியர் தகுதித் தேர்வு இன்னும் எழுதவில்லை. சேர முடியுமா? ஊதியம் எவ்வளவு?

பதில்: சேரலாம். ஆனால் இது அரசுப் பணியிடம் அன்று. அரசுப் பணிக்குத் தகுதித் தேர்வு கட்டாயம் என்பதை மறந்துவிட வேண்டாம். ஊதியத்தைப் பொறுத்தவரை, 2022-இல் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் வழியாகத் தற்காலிக இடைநிலை ஆசிரியர்களை எடுக்க அரசு முதலில் அறிவித்த மாதம் 7,500 ரூபாய் எதிர்ப்புக்குள்ளானதை நினைத்துப் பாருங்கள். குலசேகரத்தில் அறை வாடகை கொடுத்து, மலைக்குப் பேருந்தில் போய்வருபவர் அதில் வாழ முடியாது. தங்குமிடத்தையும் பயணச் செலவையும் நாங்கள் தனியாக ஏற்பது அதனால்தான். அதற்குப் பணமில்லை என்றால், ஆட்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டுமே தவிர ஊதியத்தைக் குறைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

கேள்வி (ஆசாரிப்பள்ளம்): கோடை விடுமுறையில் சில வாரங்கள் பயிற்சி கொடுத்து ஒருவரை ஆசிரியராக்கிவிட முடியுமா? இரண்டு ஆண்டுகள் பட்டயம் படித்தவர்களே திணறுகிறார்களே.

பதில்: முடியாது. அமெரிக்காவில் 1990 முதலும், நம் நாட்டில் 2009 முதலும் நடந்துவரும் இதுபோன்ற இரண்டாண்டுத் திட்டங்களின்மீது வைக்கப்படும் முதல் குற்றச்சாட்டே இதுதான். அதில் நியாயமும் இருக்கிறது. இதற்கு மாற்றாக அமெரிக்காவின் சில நகரங்களில், மருத்துவர்களின் பயிற்சிக் காலத்தைப் போல, அனுபவமிக்க ஆசிரியர் ஒருவரின் வகுப்பிலேயே ஓராண்டு இருந்து கற்றுக்கொள்ளும் முறையைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் அந்தப் பக்கம் சாய்ந்தவர்கள். கோடையில் நடப்பது ஆயத்தம் மட்டுமே. பயிற்சி பள்ளி திறந்த பிறகுதான் தொடங்குகிறது.

வழிகாட்டி ஆசிரியர் வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து, ஆசிரியர் செய்வதை விடவும் பிள்ளைகள் செய்வதைக் குறித்துக்கொள்வார். எத்தனை பேர் வாய் திறந்தார்கள், ஜன்னலோரப் பையனிடம் ஒரு கேள்வியாவது போனதா, எழுதச் சொன்னபோது எத்தனை பேர் பக்கத்து நோட்டைப் பார்த்தார்கள் என்பவைதான் அந்தக் குறிப்பில் இருக்கும். அன்று மாலையே இருவரும் உட்கார்ந்து, அடுத்த வருகைக்குள் மாற்றவேண்டிய ஒன்றை மட்டும் முடிவு செய்வார்கள். பத்துக் குறைகளைச் சொல்லிவிட்டுப் போகும் பார்வையாளரால் எவரும் திருந்தியதாக எனக்குத் தெரியவில்லை.

பல வகுப்புகளை ஒரே அறையில் நடத்துவதற்குத் தனிப் பழக்கம் வேண்டும். வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பு நிலையைப் பார்த்துக் குழு பிரிக்கச் சொல்லிக் கொடுக்கிறோம்: எழுத்து தெரியாதவர்கள், சொல் வாசிப்பவர்கள், பத்தி வாசிப்பவர்கள் என்று. நான்காம் வகுப்புப் பையனைச் சிறு பிள்ளைகளோடு உட்காரவைத்தால் கூச்சப்படுவானே என்று கேட்பார்கள். புரியாத பாடத்துக்கு முன்னால் நாள் முழுவதும் உட்கார்ந்திருப்பதைவிட அது குறைந்த கூச்சமே.

கேள்வி (கடலோரத் தொடக்கப் பள்ளித் தலைமை ஆசிரியர்): வெளியிலிருந்து வரும் இளைஞர்கள் பள்ளியில் ஏற்கனவே இருப்பவர்களைத் திறமையற்றவர்கள் போலப் பார்க்கிறார்கள். இதை எப்படிக் கையாள்கிறீர்கள்?

பதில்: நீங்கள் சொல்வது நடக்கிறது சார். அதைத் தடுக்க, தேர்வுக் குழுவிலேயே தலைமை ஆசிரியர்களை உட்காரவைக்கிறோம். தானே தேர்ந்தெடுத்தவரை யாரும் அந்நியராக நடத்துவதில்லை. பதிலுக்கு உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: கைப்பேசி இயக்கத் தெரிந்தவர் என்பதற்காக எமிஸ் (மாணவர், பள்ளி விவரங்களை இணையத்தில் ஏற்றும் அரசின் தளம்) பதிவு முழுவதையும் புதியவரின் தலையில் கட்டிவிடாதீர்கள்.

கடலோரப் பள்ளிக்கு வருபவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஊரின் நாட்காட்டி. தூத்தூர்ப் பக்கத்து ஆழ்கடல் மீனவர்கள் வாரக்கணக்கில் வீடு திரும்பமாட்டார்கள். மேற்குக் கடலில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. பள்ளி திறக்கும் அந்த நாட்களில்தான் அப்பாக்களைப் பார்க்க முடியும் என்பதால், பெற்றோர் சந்திப்பை அப்போதே வைத்துவிடச் சொல்கிறோம். ரப்பர் பகுதியில் கணக்கு வேறு. பால்வெட்டுக்கு விடியும் முன்பே போய்விடும் பெற்றோரைப் பிற்பகலில்தான் சந்திக்க இயலும். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலில் உறவினரை இழந்த குடும்பங்கள் இந்த ஊர்களில் பல. மழைக்காலத்தில் ஒரு பிள்ளை திடீரென்று பேசாமல் போனால், பாடத்தை ஒதுக்கிவைத்து வீட்டுக்குப் போய் விசாரிக்க வேண்டும்.

கேள்வி (பேச்சிப்பாறை): காணிப் பழங்குடிப் பிள்ளைகளுக்குக் காணி இளைஞர்களையே ஆசிரியராக்கினால் என்ன?

பதில்: அதுவே சரியான வழி, நேரம்தான் பிடிக்கும். வீட்டில் பிள்ளைகள் பேசும் பேச்சும் பாடநூல் தமிழும் ஒன்றல்ல என்பதால், முதல் வகுப்பில் அவர்கள் மௌனமாக இருப்பதை மந்தம் என்று வெளியூர் ஆசிரியர் எண்ணிவிடுகிறார். இப்போதைக்குக் குடியிருப்பில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்களை வகுப்பறைத் துணையாகச் சேர்த்து, கதையைத் தங்கள் பேச்சில் சொல்லவைத்துப் பிறகு பாடநூலுக்கு வருகிறோம். அவர்களில் விரும்புபவர்கள் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் பட்டயம் படிக்க விண்ணப்பம் முதல் விடுதி வரை உடன் நிற்கிறோம். பிற்காலத்தில் பணியிட மாறுதல் கலந்தாய்வு வரும்போது, மலையை விட்டு இறங்க அவர்களுக்குக் காரணம் இருக்காது.

கேள்வி (கொல்லங்கோடு): என் மகளைத் தனியாக மலைக்கு அனுப்பத் தயக்கமாக இருக்கிறது.

பதில்: தனியாக அனுப்புவதில்லை அம்மா. இருவராகத்தான் அனுப்புகிறோம், தங்குவதும் ஒரே வீட்டில். அந்த வீட்டை நீங்கள் முதலில் வந்து பார்த்துவிட்டுப் பிறகு சம்மதம் சொல்லலாம்.

கேள்வி (குழித்துறை): இரண்டு ஆண்டு முடிந்ததும் எல்லோரும் போய்விடுகிறார்கள். பிறகு என்ன பயன்?

பதில்: பாதி நியாயமான கேள்வி. அரசு வேலை கிடைத்துப் போகிறவரைத் தடுக்க எனக்கு உரிமையில்லை. தடுத்தால் நல்லவர்கள் விண்ணப்பிக்கவும் மாட்டார்கள். ஆனால் நடுக்கல்வியாண்டில் விலகுவதை நான் ஏற்பதில்லை, அதைச் சேரும்போதே எழுதி வாங்குகிறோம். போகிறவர் ஒவ்வொரு பிள்ளையின் வாசிப்பு நிலையையும், எந்த வீட்டில் யாரிடம் பேசவேண்டும் என்பதையும் ஒரு நோட்டில் எழுதி, அடுத்தவரோடு இரண்டு வாரம் சேர்ந்து வகுப்பெடுத்த பிறகே விடைபெறுகிறார். அந்த நோட்டை ஒப்படைக்காதவருக்கு அனுபவச் சான்றிதழ் கிடையாது.

கேள்வி (நாகர்கோவில், பட்டய மாணவி): மாதிரி வகுப்புக்கு எப்படித் தயாராக வேண்டும்?

பதில்: வண்ண அட்டைகளில் நேரத்தைச் செலவிடாதீர்கள். ஒரே ஒரு கணக்கை எடுத்து, பிள்ளைகள் அதில் எத்தனை விதமாகத் தவறு செய்வார்கள் என்று எழுதிப் பாருங்கள். பக்கத்து வீட்டு மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் அதைக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் பட்டியலில் இல்லாத ஒரு தவறு வந்தால் அதையும் எழுதிக்கொண்டு வாருங்கள், நாங்கள் கேட்போம்.