ஆடெக்கரின் 'கான்ஃபீல்ட்' ஆல்பத்தை உண்மையிலேயே ரசிக்கிறார்களா, ரசிப்பதுபோல் நடிக்கிறார்களா?

ஆடெக்கர் என்ற மின்னணு இசை இணையின் 'கான்ஃபீல்ட்' ஆல்பத்தை மூன்று முறை முயன்றும் முழுதாகக் கேட்க முடியவில்லை என்றும், பழுதான இயந்திரம் ஓடுவதுபோல் ஒலிக்கும் ஒன்றைப் பலர் உன்னதம் என்று புகழ்வது பாசாங்காகத்தான் இருக்க வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். பாசாங்கு செய்பவர்கள் உண்டு. கடினமான எதைச் சுற்றியும் அப்படி ஒரு கூட்டம் சேரத்தான் செய்யும். ஆனால் இந்த ஆல்பத்தை ஒருவர் உண்மையாகவே காதில் வாங்கியிருக்கிறாரா என்பதை அறிய ஒரு சோதனை உண்டு. அதை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. கீறல் விழுந்த ஒரு குறுந்தகடு காட்டிக்கொடுத்தது.

முதலில் இந்த எரிச்சல் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தின் ராச்டேல் நகரைச் சேர்ந்த ஷான் பூத், ராப் பிரவுன் ஆகிய இருவர்தான் ஆடெக்கர். வார்ப் இசை வெளியீட்டு நிறுவனத்தின் வழியாக 1993-இல் 'இன்குனாபுலா', 1994-இல் 'ஆம்பர்' என அவர்கள் வெளியிட்டவை, விளக்கை அணைத்துவிட்டுக் கேட்கத்தக்க, நீண்டு கரையும் ஸ்வரங்களும் எண்ணிவிடக்கூடிய தாளமும் கொண்ட ஆல்பங்கள். 1995-இன் 'ட்ரை ரிப்பீட்டே', 1998-இன் 'எல்பி5' என்று போகப்போகத் தாளம் சிக்கலானாலும், கால் தட்டுவதற்கு ஓர் இடம் மிச்சமிருந்தது. 2001 ஏப்ரல் இறுதியில் 'கான்ஃபீல்ட்' வந்தபோது பல ரசிகர்களுக்கு அந்த இடமும் பறிபோனது. ஆகவே அதன்மீது கோபப்பட்டவர்களில் மின்னணு இசையை அறியாதவர்களைவிட, எட்டு ஆண்டுகள் கூடவே நடந்து வந்து நடுவழியில் இறக்கிவிடப்பட்டதாக உணர்ந்தவர்களே எனக்கு முக்கியமாகப் படுகிறார்கள். அவர்களுடைய வருத்தத்தை நான் ஒருபோதும் கேலி செய்ததில்லை, ஏனென்றால் நானும் 'ஆம்பர்' வழியாக வந்தவன்தான்.

இந்த ஆல்பத்தின் பெரும்பகுதி மேக்ஸ் என்ற மென்பொருளில் அவர்கள் செய்துபார்த்த பரிசோதனைகளிலிருந்து பிறந்தது. ஒவ்வொரு தாள அடியையும் திரையில் உள்ள கட்டங்களில் கையால் பொருத்துவதற்குப் பதிலாக, எந்த ஒலி எப்போது வரலாம், எந்த எல்லைக்குள் விலகலாம், எதைத் தொடர்ந்து எது மாறலாம் என்ற விதிகளை அமைத்துவிட்டு, அந்த விதிகள் ஓடும்போது எழுவதை இசையாக்கும் முறை அது. எனவே முன்னே பின்னே ஊசலாடும் தாளத்துக்குள் ஓர் ஒழுங்கு இருக்கிறது; ஆனால் அந்த ஒழுங்கு நமக்குப் பழக்கமான நான்கு அடிக் கணக்காகத் தன்னைக் காட்டிக்கொள்வதில்லை. முதல்முறை கேட்கும் காதுக்குப் பழகாத ஒழுங்கும் ஒழுங்கின்மையும் ஒன்றுபோலவே கேட்கும் என்பதுதான் சிக்கல்.

எனக்கும் அப்படித்தான் கேட்டது. முதல் டிராக்கான 'வி ஸ்கோஸ் பாய்ஸ்', ஓர் உலோகக் குண்டு கிண்ணத்தின் உள்விளிம்பில் சுழன்று சுழன்று தள்ளாடுவதைப் போன்ற ஒலியுடன் தொடங்குகிறது. வேறு எதுவும் வராமல் அதுவே நீண்டுகொண்டு போனபோது, குறுந்தகடு பழுது என்று முடிவு செய்து அதை வெளியே எடுத்தேன். பின்புறத்தை மெல்லிய துணியால் துடைத்து, மறுபடி போட்டு, அதே ஒலி வந்ததும் வேறொரு பிளேயரிலும் போட்டுப் பார்த்தேன். இரண்டாவது பிளேயரில் பொறுமையின்றி விட்டுவைத்திருந்தபோதுதான், சில நிமிடங்களுக்குப் பிறகு அந்தச் சுழற்சிக்கு அடியில் கூச்சத்துடன் நுழைவதுபோல் ஒரு மெல்லிய மெட்டு தொடங்கியது. அது என்னை மயக்கிவிட்டது என்று சொன்னால் பொய்யாகிவிடும். தகட்டில் பழுது இல்லை என்ற நிம்மதி மட்டுமே அன்று எனக்குக் கிடைத்தது.

அதன் பிறகு ஏறக்குறைய ஆறு மாதங்கள், பெரும்பாலும் பிடிவாதத்தினாலும் கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்ற கணக்கினாலும், அதை விட்டு விட்டுக் கேட்டேன். ஒரு கட்டத்தில் நண்பர் ஒருவர் இரவல் வாங்கிச் சென்று, "இது என்ன கொடுமை!" என்ற ஒற்றை விமர்சனத்துடன் திருப்பித் தந்தார். அன்றிரவே போட்டுக் கேட்டபோது, 'பென் எக்ஸ்பர்ஸ்' என்ற டிராக்கின் நடுவில் ஏதோ ஒன்று அரை வினாடி தவறிப்போனதை உணர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். தகட்டைத் திருப்பிப் பார்த்தால் நகத்தின் அளவுக்குக் கீறல். அதே இடத்தை நண்பருக்கு மூன்று முறை போட்டுக் காட்டினேன். எது இசை, எது பிசகு என்று அவரால் பிரித்துச் சொல்ல முடியவில்லை. அவரும் என்னைவிடக் கூர்மையான காது உடையவர்தான். ஒழுங்காக இருந்த தகட்டைப் பழுது என்று நினைத்த அதே நான், பழுதான தகட்டை ஒரே நொடியில் பிடித்தேன் என்றால், இடையில் என் காது எதையோ கற்றிருக்க வேண்டும். கற்பதற்கு அங்கே ஏதோ ஒன்று இருந்திருக்கவும் வேண்டும்.

இதையும் வெறும் பழக்கம் என்று நீங்கள் ஒதுக்கலாம். ஒன்றைத் திரும்பத் திரும்ப எதிர்கொண்டாலே அதன்மீது விருப்பம் கூடும் என்பதை உளவியலாளர் ராபர்ட் சயான்ஸ் 1968-இலேயே எழுதிவிட்டார். அந்தக் கோணத்தில், சலவை இயந்திரத்தின் சத்தத்தைக்கூட நேசிக்கப் பழகிவிடலாம். இந்த ஆட்சேபம் எனக்கு நியாயமாகவே படுகிறது. ஆனால் பழக்கம் எல்லாவற்றையும் ஒரே அளவில் பிடிக்க வைத்திருக்க வேண்டும் அல்லவா? அதே ஆல்பத்தின் 'பைன்' என்ற டிராக்கையும் மற்றவற்றைக் கேட்ட அளவுக்கே கேட்டிருக்கிறேன், இன்றுவரை அது எனக்குக் கூரைமேல் சரளைக் கற்களைக் கொட்டுவதாகவே கேட்கிறது. 'பார்ஹீலிக் ட்ரையாங்கிள்' டிராக்கில் மணியோசை போன்ற ஒலிகள் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நிற்கும்போதோ, பல ஆண்டுகளுக்குப் பிறகும் வேலையை நிறுத்திவிட்டுக் கேட்கிறேன்.

இந்த இருவர் கேட்பவரின் எதிர்பார்ப்போடு விளையாடியது அதுவே முதல்முறை அல்ல என்பதையும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 1994-இல் வந்த குற்றவியல் நீதிச் சட்டம், திறந்தவெளி நடனக் கூட்டங்களை ஒடுக்குவதற்காக, 'திரும்பத் திரும்ப வரும் தாள அடிகள்' என்ற சொற்களையே விதியில் சேர்த்துக்கொண்டது. அதை எதிர்த்து ஆடெக்கர் வெளியிட்ட 'ஆன்டி' இசைத்தட்டில், 'ஃப்ளட்டர்' என்ற டிராக் எந்த இரண்டு தாளச் சுற்றுகளும் ஒன்றாக அமையாதபடி நிரல் செய்யப்பட்டது. வேடிக்கை என்னவென்றால், அதைக் கேட்கும் பெரும்பாலோர் அது திரும்பத் திரும்ப வருவதாகவே நினைத்துத் தலையாட்டுவார்கள். ஏழு ஆண்டுகள் கழித்து வந்த 'கான்ஃபீல்டில்' மீண்டும் மீண்டும் தலைகாட்டும் உருவங்கள் இருந்தும், எதுவுமே திரும்பி வருவதில்லை என்று குறைபட்டுக்கொள்கிறோம். காது கேட்பதில் பாதி, அது கேட்க எதிர்பார்ப்பதுதான்.

சத்தம் என்று தள்ளப்பட்டதற்கு இதைவிடப் பழைய எடுத்துக்காட்டு, 1975-இல் அமெரிக்க ராக் இசைக்கலைஞர் லூ ரீட் வெளியிட்ட 'மெட்டல் மெஷின் மியூசிக்'. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக கிட்டாரின் ஊளை மட்டுமே நிறைந்த அந்த இரட்டை இசைத்தட்டை வாங்கியவர்கள் பலர் கடையில் திருப்பிக் கொடுத்தார்கள். 2002-இல் பெர்லினில் ட்சைட்கிராட்சர் குழுவினர் அதைக் காதால் கேட்டு எழுதிவைத்து, வயலின் போன்ற கருவிகளில், லூ ரீட் முன்னிலையிலேயே மேடையில் வாசித்துக்காட்டினார்கள். அது நல்ல இசையா என்பது வேறு வழக்கு. எழுதிவைத்து வாசிக்கும் அளவுக்கு அதற்குள் ஏதோ இருந்தது.

ஆகவே உங்களுக்குப் பிடிக்கவில்லை என்பது தவறான தீர்ப்பல்ல. "உங்களுக்குப் புரியவில்லை" என்று மேலிருந்து சொல்பவர்களிடம் அந்தக் கீறல் விழுந்த தகட்டைப் போட்டுக் காட்ட வேண்டும் என்று எனக்கு அவ்வப்போது தோன்றுவதுண்டு. நான்காவது முறையும் முயல்வதாக இருந்தால், முதல் டிராக்கிலிருந்து தொடங்க வேண்டாம். ஹெட்போனில் 'பார்ஹீலிக் ட்ரையாங்கிள்' டிராக்கை மட்டும் தனியாக, ஒரு வாரத்தில் நான்கைந்து முறை கேளுங்கள். அதிலும் எதுவும் ஒட்டவில்லை என்றால் 'எல்பி5'க்குத் திரும்பிப் போய்விடுங்கள். என் நண்பர் அப்படித்தான் செய்தார், அந்த ஆல்பத்தை என்னைவிட நுணுக்கமாகவே ரசிக்கிறார்.