எங்கே நின்று எடுத்தீர்கள்?

கும்பகோணத்தில் 30 ஆண்டுகள் ஸ்டுடியோ நடத்தி, ஃபிலிம் காலம் முடிந்ததும் கதவைச் சாத்தியவன் நான். பொழுதுபோக்காகப் படம் எடுக்கும் சிலர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். ஆளுக்கு ஒரு படத்தை அச்சுப் போட்டு மேசையில் பரப்ப வேண்டும்; கேள்வியைச் சீட்டில் எழுதி வைக்க வேண்டும். போன கூட்டத்தில் மழை வந்து மின்சாரம் போய்விட்டதால் பாதிச் சீட்டுகள் என் சட்டைப்பையிலேயே தங்கிவிட்டன. படங்களையும் வீட்டுக்கு எடுத்து வந்து நிதானமாகப் பார்த்தேன். இதோ பதில்கள்.

காசிமேட்டில் விடியற்காலையில் எடுத்தது. வானம் நன்றாக வந்திருக்கிறது. மீனவர்கள் எல்லோரும் கரிக்கட்டையாக இருக்கிறார்கள். கேமராவில் கோளாறா? – சென்னை நண்பர்

கேமராவில் ஒன்றும் இல்லை, நின்ற இடத்தில்தான் இருக்கிறது. நம் கிழக்குக் கரையில் சூரியன் கடல் பக்கம் எழுகிறது. கடலைப் பார்த்து நீங்கள் நின்றால், எதிரே இருப்பவரின் மறுபக்கத்தில்தான் வெளிச்சம் விழும். முகம் வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு போய்ச் சூரியனுக்கு முதுகு காட்டி நில்லுங்கள். முதல் அரைமணி நேரத்து மஞ்சள் வெயில் மீன்கூடை மேல் விழுவதைப் பார்த்தால் வானத்தை மறந்துவிடுவீர்கள்.

நிழலுருவம்தான் வேண்டும் என்றால் அதுவும் நல்ல படமே. ஆனால் உருவங்கள் ஒன்றோடொன்று ஒட்டக் கூடாது. உங்கள் படத்தில் வலையை உதறுகிறவரின் வலது கை படகின் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு, அவருக்குக் கையே இல்லாததுபோல் தெரிகிறது. நீங்கள் இரண்டடி நகர்ந்திருந்தால் கைக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒரு கீற்று வானம் கிடைத்திருக்கும்.

இன்னொன்று. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் கிடக்கும். வலையைப் பழுது பார்க்கிறவர்களும் படகுக்கு வர்ணம் அடிக்கிறவர்களும் சாவகாசமாகப் பேச்சுக் கொடுப்பார்கள். வருமானம் இல்லாத மாதங்கள் அவை என்பதை நினைவில் வைத்து, கேட்டுவிட்டு எடுங்கள்.

பாட்டியை ஃபோனில் எடுத்தேன், ஐயா. பாட்டி நல்ல கறுப்பு. படத்தில் பவுடர் அப்பியதுபோல் வெளுத்திருக்கிறார். சுருக்கங்களையும் காணோம். – மன்னார்குடி, கல்லூரி மாணவி

எனக்குக் கோபம் வருகிற விஷயத்தைக் கிளறிவிட்டாய் அம்மா. இது இன்றைய நோய் இல்லை. வண்ணப் படங்களை அச்சிடும் கூடங்களில் நிறம் சரிபார்க்க கோடாக் அனுப்பிய மாதிரி அட்டைகளில் பல்லாண்டுகள் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ‘ஷர்லி அட்டை’ என்றே அதற்குப் பெயர். அந்த முகம் சரியாக வந்தால் எல்லா முகமும் சரி என்று கணக்கு. என் ஸ்டுடியோவுக்கு வந்தவர்களிலும் பாதிப்பேர் “கொஞ்சம் கலராகப் போடுங்கள்” என்றுதான் சொல்வார்கள். நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அந்தப் பாவம் எனக்கும் உண்டு.

உன் ஃபோனில் இரண்டு காரியம் நடக்கிறது. முகத்தை அழகுபடுத்தும் வசதி ஒன்று தானாகவே ஓடிக்கொண்டிருக்கும். முதலில் அதை அணைத்துவிடு. சுருக்கம் திரும்பி வந்துவிடும். அடுத்தது வெளிச்சக் கணக்கு. கேமராவுக்குக் கறுப்பும் தெரியாது, வெள்ளையும் தெரியாது. எதைக் காட்டினாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும். கறுத்த முகம் ஃபிரேமை நிறைத்தால் இருட்டு என்று நினைத்து வெளுக்கும். பின்னால் வெள்ளைச் சுவர் இருந்தால் நேர்மாறாக, முகத்தை இன்னும் இருட்டாக்கும். திரையில் முகத்தைத் தொட்டால் பக்கத்தில் ஒரு சிறு சூரியன் தோன்றும். அதை விரலால் மெல்லக் கீழே இழு. பாட்டியின் நிறம் வந்ததும் நிறுத்து.

உங்கள் வீட்டில் திண்ணை இருப்பது படத்தில் தெரிகிறது. பாட்டியைக் கூரை நிழலின் விளிம்பிலிருந்து ஒரு முழம் உள்ளே, தெருவைப் பார்த்து உட்கார வை. நீ தெருவில் இறங்கி அவர் கண் மட்டத்துக்கு வா. பின்னால் திறந்த வாசற்கதவின் இருட்டு இருக்கட்டும். அந்த மூக்குத்தி ஒன்றே போதும், மற்றதை அது பார்த்துக்கொள்ளும்.

காலையில் அறையிலிருந்து கேமராவை வெளியே எடுத்தால் படமெல்லாம் புகைமூட்டமாக வருகிறது. – புதுச்சேரி

இரவெல்லாம் ஏசியில் குளிர்ந்த லென்ஸ் ஈரக்காற்றைத் தொட்டதும் வியர்க்கிறது. துணியால் துடைக்காதீர்கள், மறுபடி வியர்க்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை இறுகக் கட்டி, அரைமணி நேரம் முன்பே வெளியே வைத்துவிடுங்கள். ஈரம் உறையின் மேல் படியும்.

லென்ஸ் உள்ளே சிலந்தி வலைபோல் ஏதோ தெரிகிறது. – நாகப்பட்டினம்

பூஞ்சை. லென்ஸைத் தோல் பையில் போட்டு பீரோவில் பூட்டி வைத்திருப்பீர்கள். பழுது பார்ப்பவரிடம் கொடுத்துவிட்டு, இனிமேல் காற்றுப் புகாத டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். அரிசிப் பானையில் புதைக்கச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். தவிட்டுத் தூசி உள்ளே போகும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானம் என் படத்தில் மட்டும் பின்னால் சாய்கிறது. – திருச்சி

உங்கள் படத்தில் மட்டும் இல்லை, அண்ணாந்து எடுக்கிற எல்லார் படத்திலும் சாயும். 200 அடிக்கு மேல் உயர்ந்த விமானத்தின் காலடியில் நின்றுகொண்டு ஃபோனை மேலே திருப்பினால் வேறென்ன நடக்கும்? திருச்சுற்று அவ்வளவு பெரிதாக இருக்கிறது. தென்கிழக்கு மூலைவரை பின்வாங்குங்கள். ஃபோனைச் சுவரோடு ஒட்டிய பலகைபோல் நேராக நிமிர்த்திப் பிடியுங்கள். கீழே தரை நிறைய வரும், வரட்டும். அதில் ஓடும் குழந்தைகளும் வருவார்கள். உயரம் எவ்வளவு என்று அவர்கள் சொல்வார்கள். கோயில் கிழக்குப் பார்த்தது என்பதால் முகப்புக்குக் காலை வெயில்தான் சரி. முக்காலி கொண்டுபோவதானால் தொல்லியல் துறையின் அனுமதி தேவை.

கோபுரப் படத்தில் வெறும் வானத்தை எடுத்துவிட்டு மேகம் சேர்த்தேன். ஏமாற்று வேலை என்று நண்பர் சண்டைக்கு வருகிறார். – மதுரை

நண்பரிடம் லின்னேயஸ் ட்ரைப் கதையைச் சொல்லுங்கள். சென்னை மாகாண அரசுக்காக 1858-இல் மதுரை, திருவரங்கம், தஞ்சை எல்லாம் போய்ப் படம் எடுத்த ராணுவ அதிகாரி. பெரிய கோயில் அடித்தளத்துக் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 அச்சுகளை ஒட்டி, 19 அடி நீளப் படமாக்கினார். அந்தக் காலத்துக் காகித நெகட்டிவில் எடுத்தால் அச்சில் வானம் வெறும் வெள்ளையாகத்தான் விழும். அவர் நெகட்டிவ் மீதே வர்ணத்தைத் தடவி மேகம் உண்டாக்கினார். ஆக, மதுரை வானத்துக்கு மேகம் சேர்த்த முதல் ஆள் நீங்கள் இல்லை.

என் கருத்து இது: செய்தி என்று கொடுக்கிற படத்தில் கை வைக்கக் கூடாது. வீட்டுச் சுவருக்கு என்றால் உங்கள் விருப்பம். கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஆனால் உங்கள் மேகத்துக்கு வெயில் வலது பக்கத்திலிருந்து வருகிறது; கோபுரத்தின் நிழலும் வலது பக்கமே விழுகிறது. மதுரையில் ஒரு சூரியனையே தாங்க முடியவில்லை, ஐயா.

50,000 ரூபாய் இருக்கிறது. எந்த கேமரா, எந்த லென்ஸ் வாங்கலாம்? – ஓசூர்

நீங்கள் வைத்த படத்தில் குறையே, எல்லாம் தூரத்தில் இருப்பதுதான். அதைப் பணம் சரிசெய்யாது, நாலு எட்டு முன்னால் போனால் சரியாகும். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் ஹென்றி கார்த்தியே-பிரசோன் 1950 ஏப்ரலில் திருவண்ணாமலையில் இருந்தார். ரமணரின் கடைசி நாட்களைப் படமெடுத்தார். வாழ்நாளில் பெரும்பாலும், தூரத்தைக் கிட்டே இழுக்காத சாதாரண 50 மி.மீ. லென்ஸ் ஒன்றைத்தான் அவர் பயன்படுத்தினார். பெரிதாக்க வேண்டுமென்றால் நடந்தார். உங்கள் பணத்தில் பாதியைப் பயணத்துக்கு ஒதுக்குங்கள். மீதியில் பழைய கேமரா ஒன்று கிடைக்கும்.

வேடந்தாங்கலில் எடுத்தவை. பறக்கும் பறவை எல்லாம் கலங்கியிருக்கிறது. – செங்கல்பட்டு

ஷட்டர் 1/200, அதாவது ஒளி உள்ளே போன நேரம் நொடியில் இருநூறில் ஒரு பங்கு என்று படத்தின் பின்னால் எழுதியிருக்கிறீர்கள். சிறகடிப்பை நிறுத்த 1/1000-க்குக் குறையக் கூடாது. 1/1600 என்றால் இன்னும் நல்லது. குறையும் வெளிச்சத்துக்கு ஈடாக ஐஎஸ்ஓவை, அதாவது கேமராவின் ஒளி உணர்திறனை, ஏற்றுங்கள்; கொஞ்சம் புள்ளி விழும். புள்ளி விழுந்த படத்தைப் பார்க்கலாம், கலங்கிய படத்தைப் பார்க்க முடியாது. நத்தைக்குத்தி நாரை அலகில் குச்சியோடு கூட்டுக்கு வரும் வழி பெரும்பாலும் மாறாது. அந்த வழியைக் குறித்துக்கொண்டு, அது வருவதற்கு முன்பே கேமராவைக் கண்ணில் வைத்துக் காத்திருங்கள்.

நிலா வெறும் வெள்ளைப் பொட்டாக வருகிறது. – சேலம்

நிலா வெயிலில் கிடக்கும் பாறை. இரவுக்குரிய கணக்கு அதற்குப் பொருந்தாது. ஐஎஸ்ஓ 100, லென்ஸ் துவாரம் எஃப் 11, ஷட்டர் 1/100-இல் தொடங்குங்கள்.

ஒருவர் படத்தைப் பார்த்து “அருமை” என்பதைத் தவிர வேறென்ன சொல்வது? சொன்னால் மனம் நோகுமே. – கூட்டத்துக்குப் புதியவர்

எனக்குத் தொழில் கற்றுத்தந்தவர் அதிகம் பேசமாட்டார். ஈரம் காயாத அச்சை மேசையில் வைத்து, கட்டைவிரலால் ஒரு மூலையை மறைப்பார். “இது போனால் ஏதாவது குறைகிறதா?” என்பார். குறையவில்லை என்றால் விரலை அங்கேயே வைத்திருப்பார். பிறகு அடுத்த மூலை. ஒருமுறை நான் எடுத்த கல்யாணப் படம் ஒன்றில் நான்கு பக்கமும் மறைத்துக்கொண்டே வந்து, மணப்பெண்ணின் அப்பா கண்ணைத் துடைக்கும் கையை மட்டும் மிச்சம் வைத்தார். நான் எடுத்தேன் என்றே எனக்குத் தெரியாத படம் அது.

நீங்களும் அப்படியே செய்யுங்கள். முதலில் கண் எங்கே போனது, பிறகு எங்கே வழுக்கியது, இரண்டையும் மட்டும் சொல்லுங்கள். எடுத்தவருடைய கைத்திறனைப் பற்றிப் பேசினால்தான் நோகும்.

மொட்டை மாடியில் வடாம் காயவைத்தபோது பேரன் ஃபோனில் நானே எடுத்தது. எனக்கு 71 வயது. குறை சொல்லுங்கள். – பாபநாசம்

வெள்ளைப் புடவை விரிப்பு. வரிசை வரிசையாக வடாம். ஓர் ஓரத்தில் மட்டும் வரிசை கலைந்திருக்கிறது. அங்கே வாயில் ஒன்றோடு எழும்பும் காகம், அதன் நிழல் அடுத்த வரிசை மேல் விழுகிறது. நீங்கள் தரையோடு தரையாக உட்கார்ந்திருக்கிறீர்கள். குச்சியை ஒரு கையிலும் ஃபோனை மறு கையிலும் வைத்திருந்தீர்கள் என்று நினைக்கிறேன், ஏனென்றால் குச்சியின் நுனி கீழே தெரிகிறது. கட்டைவிரலால் நான்கு மூலையும் மறைத்துப் பார்த்தேன். நுனியை வெட்டலாமா என்றும் யோசித்து, வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வடாம் எத்தனை மிஞ்சியது, அம்மா?