ஸ்தர்ஷினா: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: கோசாக் என்னும் போர்வீரச் சமூகத்தின் வரலாற்றில் ஸ்தர்ஷினாக்கள் பெருந்தலைவர்கள், சோவியத் படையிலோ அதிகாரி அல்லாதவர்கள். இது எப்படி?

பதில்: இரண்டையும் ஒரே பதவியாகக் கொள்ளக் கூடாது. உக்ரைன் கோசாக்குகளிடையே, தலைவரான ஹெட்மனுக்கு அடுத்த நிலையில் இருந்த நீதிபதி, எழுத்தர் முதலியோரைக் கூட்டாகக் குறித்த பெயர் அது. அவர்களில் பலருடைய வழித்தோன்றல்கள் பின்னர் ரஷ்யப் பிரபுக்கள் ஆயினர். ரஷ்யப் பேரரசின் கோசாக் படைகளில் ‘வொய்ஸ்கோவோய் ஸ்தர்ஷினா’ 1884 முதல் லெப்டினன்ட் கர்னலுக்கு நிகரானவர். 1917க்குப் பின் அமைந்த உக்ரைன் மக்கள் குடியரசின் படையிலும் அதிகாரிகளுக்கே இப்பெயர். ஆகவே, ஆவணம் எந்தப் படையுடையது, எந்த ஆண்டினது என்று பார்த்த பிறகே பொருள் கொள்ள வேண்டும்.

கேள்வி: சோவியத் செம்படையில் இது எப்போது தரநிலையானது?

பதில்: ஜார் காலத்தில் கம்பெனி எனப்படும் சிறு படைப்பிரிவின் அன்றாட ஒழுங்கைக் காத்தவர் காலாட்படையில் ஃபெல்ட்ஃபெபெல், குதிரைப்படையில் வாக்மிஸ்தர். 1917 டிசம்பரில் தரநிலைகள் யாவும் ஒழிக்கப்பட்டன. ஆனால் அந்த வேலை ஒழியவில்லை, அதைச் செய்ய ஆள் தேவைப்பட்டார். எனவே செம்படையில் ஸ்தர்ஷினா முதலில் பொறுப்பின் பெயராக இருந்து, 1935 செப்டம்பர் 22 ஆணைக்குப் பிறகே தனிநபர் தரநிலையாயிற்று. அதன் அடையாளம் கழுத்துப்பட்டையில் 4 முக்கோணங்கள். 1943இல் தோள்பட்டைகள் திரும்பியபோது, அவற்றில் சுத்தியல் போன்ற பட்டை அமைப்பு வந்தது.

கேள்வி: என் கையிலுள்ள போர்க்கால ஆவணமொன்று ஒருவரையே ‘மூத்த சார்ஜண்ட்’ என்றும் ‘கம்பெனி ஸ்தர்ஷினா’ என்றும் குறிக்கிறது. பிழையா?

பதில்: பிழையன்று; முன்னது தரநிலை, பின்னது பொறுப்பு. அந்தப் பொறுப்பின் கனத்தை எவரும் குறைத்து மதிப்பிடலாகாது. உடை, காலணி, சோப்பு, தோட்டா எல்லாம் அவர் கணக்கில் இருந்தன. சூடான கஞ்சியை முதுகில் சுமக்கும் வெப்பக்கலன்களில் நிரப்பி, இருட்டில் பதுங்குகுழிகளுக்கு அனுப்பியதும், 1941 செப்டம்பர் முதல் முன்னணி வீரர்களுக்கு அனுமதிக்கப்பட்ட 100 கிராம் வோட்காவை அளந்து கொடுத்ததும் அவரே. முந்தைய நாள் எண்ணிக்கைப்படி வந்த உணவு, அன்றைய சண்டைக்குப் பின் மிஞ்சுவதுண்டு. இறந்தவர்களின் கணக்கை முதலில் உணர்ந்தவர்களில் அவரும் ஒருவர் என்பதைப் போர் வரலாறு எழுதுவோர் போதிய அளவு சொல்வதில்லை.

கேள்வி: இன்றும் உண்டா?

பதில்: ரஷ்யாவில் உண்டு. எனினும் 1972இல் பிராப்பர்ஷிக் என்னும் தரநிலை இதற்கு மேலாக வந்தபின், கம்பெனி ஸ்தர்ஷினா பொறுப்பைப் பெரும்பாலும் பிராப்பர்ஷிக்குகளே ஏற்றனர். உக்ரைன் 2020இல் சார்ஜண்ட் நிலைகளைத் திருத்தியமைத்து, இத்தரநிலையைக் கைவிட்டது.